ஜூன் விடுமுறையில் புளோக் கீழ்த்தளத்தில் 60 பேருக்கு ஒரு மாலை: எங்கே தொடங்குவது?

கேள்வி · செங்காங்வாசி

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை எங்கள் வீவக (சிங்கப்பூர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் கீழ்த்தளத்தில் அக்கம்பக்கத்தார் ஒன்றுகூடலாம் என்று ஆறு குடும்பங்கள் சேர்ந்து பேசியிருக்கிறோம். பிள்ளைகள் 30 பேர், பெரும்பாலும் தொடக்கநிலை 1 முதல் 5 வரை. பெரியவர்கள் 30 பேர். அவர்களில் ஆறேழு பேர் எழுபதைத் தாண்டியவர்கள், ஒருவர் சக்கர நாற்காலியில் வருவார். தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லாரும் உண்டு. கையில் 500 வெள்ளி, இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.

இடத்துக்கு யாரிடம் போக வேண்டும்? வெயில், மழைக்கு எந்த நேரம் பாதுகாப்பு? எல்லாரும் சாப்பிடக்கூடியது எது? பிள்ளைகளைக் கைப்பேசி இல்லாமல் இரண்டு மணி நேரம் எதில் உட்காரவைப்பது? விடுமுறையின் மற்ற நாள்களுக்குச் செலவில்லாமல் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் ஒரு தாளில் அச்சடித்துக் கொடுக்க நினைக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1 · தூண்நிழல்

முதலில் இடம். கீழ்த்தளத்தை நிர்வகிப்பது உங்கள் நகர மன்றம். வீவக கிளை அலுவலகத்துக்குப் போனால் அங்கேயும் நகர மன்றத்துக்குத்தான் கைகாட்டுவார்கள். விண்ணப்பத்தில் புளோக் எண், எந்தத் தூண்களுக்கு நடுவே, எத்தனை மணிக்குப் பொருள்களை இறக்குவீர்கள், எத்தனை மணிக்கு இடத்தைக் காலிசெய்வீர்கள் என்று எழுதுங்கள். நிகழ்ச்சி 5 மணிக்கு என்றால் விண்ணப்பத்தில் 3 மணி முதல் 9 மணி வரை கேளுங்கள். பலர் நிகழ்ச்சி நேரத்தை மட்டும் எழுதிவிட்டு, நாற்காலி அடுக்கும் நேரத்தில் துப்புரவுப் பணியாளரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

ஆறு குடும்பங்கள் தனியாக விண்ணப்பிப்பதைவிட உங்கள் வட்டாரத்து வசிப்போர் குழுவை இணைத்துக்கொள்வது நல்லது. ஆர்சி என்று இன்னும் பலர் சொல்வதும் இப்போது ஆர்என் என்று பெயர் மாறியிருப்பதும் அதுதான். மக்கள் கழகத்தின் கீழ் வருவது. அவர்களிடம் மடக்கு மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, நிற்கும் மின்விசிறி, ஒலிபெருக்கி எல்லாம் கிடங்கில் இருக்கும். வாடகைக்கு எடுத்தால் உங்கள் 500 வெள்ளியில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். சமூக மன்றத்திலேயே இந்தியர் நற்பணிச் செயற்குழு இருந்தால் அங்கேயும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஆனால் இதை இந்தியர் நிகழ்ச்சியாக மாற்றிவிடாதீர்கள், புளோக் நிகழ்ச்சியாகவே இருக்கட்டும்.

அனுமதி கிடைத்த பிறகும் மாற்று இடம் ஒன்று கையில் இருக்க வேண்டும். அதே கீழ்த்தளத்தில் துக்க நிகழ்வு வந்துவிட்டால் அதற்கு வழிவிடுவதுதான் வழக்கம், அதுதான் முறையும். பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தையோ, ஆர்என் நிலையத்தின் அறையையோ இரண்டாவதாக எழுதிவையுங்கள்.

அடுத்து மின்சாரம். இங்கேதான் பெரும்பாலான கூட்டங்கள் சொதப்பும். தூணில் இருக்கும் பிளக் பாயின்ட் சும்மா செருகுவதற்கு இல்லை. பூட்டியிருக்கும், தனியாகக் கேட்க வேண்டும். கிடைப்பது ஒரே ஒரு 13 ஆம்பியர் பிளக் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்: 13 × 230 வோல்ட், அதாவது கிட்டத்தட்ட 3,000 வாட். பெரிய நிற்கும் மின்விசிறி ஒன்று 250 வாட் என்றால் மூன்றுக்கு 750. ஒலிபெருக்கி 300. விளக்கு 100. மொத்தம் 1,150, தாராளம். அந்த நேரம் பார்த்து யாராவது அன்பு மிகுதியில் தேநீருக்கு 20 லிட்டர் மின்கொதிகலனைத் தூக்கிக்கொண்டு வருவார். அது ஒன்றே 2,500 வாட். செருகியதும் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் அளவுக்கு மீறிச் சூடாகும், அது போய்விட்டால் மின்விசிறி எல்லாம் நின்றுவிடும். தேநீரை வீட்டிலேயே போட்டு ஃபிளாஸ்கில் இறக்குங்கள்.

எக்ஸ்டென்ஷன் ரீலைச் சுருளிலிருந்து முழுவதுமாக உருவிப் போடுங்கள். 3 மீட்டர்தான் தேவை என்றாலும் மிச்சத்தைச் சுருளிலேயே விடாதீர்கள். சுருண்டிருக்கும் வயரில் வெப்பம் வெளியேற வழியில்லை, உறை இளகிவிடும். ரீலின் பக்கவாட்டில் சுற்றிய நிலைக்கு ஒரு வாட் அளவும், உருவிய நிலைக்கு வேறொரு அளவும் அச்சிட்டிருப்பார்கள், பாருங்கள்.

இனி சின்னச் சின்ன விஷயங்கள். தீயணைப்பு வண்டி வரும் பாதை, மின்தூக்கி வாசல், அஞ்சல் பெட்டி, சரிவுப் பாதை நான்கையும் மறிக்கக் கூடாது. சக்கர நாற்காலிக்கு 1.2 மீட்டர் அகலம் தொடர்ச்சியாக வேண்டும், நடுவில் ஒரு நாற்காலிகூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. தூணுக்குத் தூண் கயிறு கட்டினால் பெரியவர் தலைக்கு மேலே கட்டுங்கள், இல்லையென்றால் ஓடிவரும் பிள்ளையின் கழுத்து உயரத்தில் நிற்கும். சுவரில் இரட்டைப் பக்க டேப் வேண்டாம், பிரிக்கும்போது பெயின்டும் கூடவே வரும், வைப்புத்தொகையில் கழிப்பார்கள். காகித மாஸ்கிங் டேப் போதும். கேஸ் அடுப்பு வைத்து வடை சுடும் ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள்.

படம் போடலாம் என்று யாராவது புரொஜெக்டரோடு கிளம்புவார். வீட்டுக்குச் சந்தா கட்டிப் பார்க்கும் தளத்திலிருந்து பொது இடத்தில் திரையிட உரிமை கிடையாது. பொதுத் திரையிடலுக்கு ஐஎம்டிஏ (தகவல், ஊடக ஆணையம்) வகைப்பாடும் உண்டு. ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடவிட்டாலும் இசைப் பதிப்புரிமையைக் கவனிக்கும் காம்பாஸ் அமைப்பின் உரிமம் என்ற கேள்வி எழும். ஆர்என் ஏற்பாடு என்றால் அவர்களிடம் அது ஏற்கனவே இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். 60 பேருக்குப் பாட்டு எதற்கு என்பது என் கட்சி. பாட்டு ஓடினால் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள்.


பதில் 2 · காற்றுத்திசை

நேரம்: மாலை 5 முதல் 7.30 வரை. அதற்கு முன்னால் வேண்டாம்.

நம் கடிகாரம் சூரியனைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறது. உச்சி வெயில் இங்கே 12 மணிக்கு இல்லை, 1 மணியைத் தாண்டித்தான். தரையும் சுவரும் வாங்கிய சூட்டை 4 மணி வரை திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஜூனில் சூரியன் 7.10 வாக்கில் மறையும், ஆக 5 மணிக்குத் தொடங்கினால் இரண்டு மணி நேர வெளிச்சம் மிச்சம்.

வெப்பத்தை வெப்பமானியில் மட்டும் பார்க்காதீர்கள். வானிலை, சுற்றுப்புறத் தகவல் தரும் மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த நிலை இருக்கிறது, 2023 ஜூலையிலிருந்து. குறைவு, மிதம், அதிகம் என்று மூன்று படி. 31க்குக் கீழே குறைவு, 31 முதல் 33க்குள் மிதம், 33 எட்டினால் அதிகம். இந்த 33ஐச் சாதாரண 33 பாகை என்று நினைத்து, "நேற்றுகூட 34 இருந்ததே" என்று சிரிப்பவர்கள் உண்டு. இது ஈரக்குமிழ்க் கணக்கு: ஈரத்துணி சுற்றிய குமிழின் வெப்பநிலையில் 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கருங்கோளத்தில் 20, காற்றில் 10.

ஒரு கணக்கு பாருங்கள். ஈரக்குமிழ் 28, கருங்கோளம் 48, காற்று 33. திறந்த திடலில் 19.6 + 9.6 + 3.3 = 32.5. மிதத்தின் உச்சியில் நிற்கிறீர்கள். அதே நேரம் கீழ்த்தள நிழலில் கருங்கோளம் 34க்கு இறங்கிவிடும்: 19.6 + 6.8 + 3.3 = 29.7. ஈரம் மாறவில்லை, காற்றும் மாறவில்லை, நிழல் மட்டும் கிட்டத்தட்ட 3 பாகையைக் கழித்துவிட்டது. அதனால்தான் பக்கத்தில் கூடைப்பந்துத் திடல் அழகாக இருந்தாலும் கீழ்த்தளத்தை விட்டு வெளியே போகாதீர்கள். மின்விசிறியைக் கூட்டத்தின் நடுவில் வைக்காமல், காற்று இயல்பாக நுழையும் பக்கத்தில் வைத்து உள்நோக்கித் திருப்புங்கள். எதிர்த்திசையில் வைத்தால் இரண்டு காற்றும் முட்டிக்கொண்டு நடுவில் புழுக்கமாகும்.

தண்ணீர் ஆளுக்கு முக்கால் லிட்டர், 60 பேருக்கு 45 லிட்டர். எல்லாரும் புட்டி கொண்டுவரட்டும், நிரப்ப மட்டும் ஏற்பாடு செய்யுங்கள். விளையாடும் பிள்ளைகளை 20 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் குடிக்க வையுங்கள், தாகம் எடுத்தால் குடிப்பார்கள் என்று விட்டால் குடிக்க மாட்டார்கள். தலைசுற்றல், குமட்டல், கொட்டும் வியர்வை என்றால் படுக்கவைத்து, காலை உயர்த்தி, தண்ணீர் கொடுக்கலாம். பேச்சு குழறினாலோ ஆள் நிலைகுலைந்தாலோ வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 995ஐ அழைத்துவிட்டு, உடம்பை நனைத்து விசிறிவிட்டு, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வையுங்கள். வயதானவர்களில் சிலருக்கு வியர்வையே வராது. அதை நலம் என்று எண்ணிவிடக் கூடாது.

மழை: ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவம். இந்தப் பருவத்தின் சுமத்ராக் காற்று விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள் வரும். ஒன்றிரண்டு மணி நேரம் அடித்துவிட்டுப் போய்விடும், ஆனால் அந்த நேரத்தில் கூடாரம் பறக்கும். காலை நிகழ்ச்சியைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். மாலையில் வருவது இடிமழை. கூடாரமோ பூங்காக் குடிலோ மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை, கட்டடத்துக்குள் போக வேண்டும். கீழ்த்தளத்தில் இருந்தால் சாரல் படும் ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி, அந்தப் பக்கத்து வயரை முதலில் கழற்றுங்கள்.

தண்ணீர் விளையாட்டு வைத்தால் வாளிகளை அன்றே கவிழ்த்துவிடுங்கள். மே முதல் அக்டோபர் வரை டெங்கிக் காய்ச்சல் கூடுதலாக வரும் காலம். ஏடிஸ் முட்டை கொசுவாக ஒரு வாரம் போதும். வாளியை எல்லாரும் கவனிப்பார்கள். மடித்துப் போட்ட தார்ப்பாயின் மடிப்பில் நிற்கும் தண்ணீரை யாரும் கவனிப்பதில்லை.


பதில் 3 · சுண்டல்சட்டி

60 பேருக்கு முழுச் சாப்பாடு கேட்டரிங் எடுத்தால் 500 வெள்ளி அங்கேயே தீர்ந்துவிடும். மாலை 5 மணிக் கூட்டத்துக்கு முழுச் சாப்பாடு தேவையும் இல்லை. சுண்டல், பழம், பொட்டலத் தின்பண்டம், நீர்மோர் போதும்.

கேட்டரிங்தான் என்று முடிவானால் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் நேர முத்திரை ஒட்டியிருப்பார்கள். சமைத்த நேரத்திலிருந்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். உணவு வந்து இறங்கிய நேரத்திலிருந்து 4 மணி நேரம் என்று பலர் தப்பாக எண்ணுகிறார்கள். சமையலறையில் 2.30க்கு முடித்து, 4.30க்கு உங்களிடம் இறக்கி, நீங்கள் பேச்சு, விளையாட்டு எல்லாம் முடித்து 6.45க்குத் திறந்தால் கெடு தாண்டிவிட்டது. பார்க்க நன்றாகவே இருக்கும், மணமும் மாறியிருக்காது. 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில்தான் கிருமி பெருகும், நம் கீழ்த்தளம் 30. மிஞ்சியதைத் தபாவ் கட்டி அனுப்பும் வழக்கத்தை அன்று மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு ஒன்று சமைத்துக்கொண்டு வருவதாக இருந்தால் சோறு வேண்டாம். எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம், பிரியாணி எதுவானாலும் மெதுவாக ஆறும் சோற்றில் பெருகும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது.

சுண்டல் அளவு: காய்ந்த கொண்டைக்கடலை 2 கிலோ. ஊறி வெந்தால் நாலரைக் கிலோவுக்குப் பக்கம் வரும், ஆளுக்கு 75 கிராம். 8 முதல் 10 மணி நேரம் ஊறட்டும், ஆனால் குளிர்பெட்டியில். இந்த வெப்பத்தில் மேடையில் ஊறவைத்தால் காலையில் நுரைத்து நாறும். தேங்காய்ப்பூ போடாதீர்கள். சுண்டல் புளிப்பதே தேங்காயால்தான். கடுகு, மிளகாய் வற்றல், கறிவேப்பிலை தாளித்து, மாங்காய் துருவிப் போட்டால் தேங்காய் இல்லாத குறையே தெரியாது. பிள்ளைகளுக்கு வற்றலைக் கிள்ளாமல் முழுசாகப் போட்டு, எடுத்துவிடுங்கள்.

நீர்மோர்: ஆளுக்கு 200 மில்லி என்றால் 12 லிட்டர். தயிர் 3 லிட்டர், தண்ணீர் 7 லிட்டர், ஐஸ் 2 கிலோ. உருகும் ஐஸும் தண்ணீர்தான் என்பதை மறந்து 9 லிட்டர் ஊற்றிவிட்டு, பிறகு ஐஸ் போட்டால் சாயம் போன வெள்ளைத் தண்ணீர்தான் மிஞ்சும். தயிர் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்தால் இந்த ஐஸ் மோரை 5 பாகை அளவுக்கு இறக்கும். தயிர் ஒரு மணி நேரம் மேசையில் கிடந்திருந்தால் இறங்காது. உப்பு 50 கிராமில் தொடங்கி ருசி பாருங்கள். இஞ்சி 100 கிராம் தட்டிச் சாறு வடிகட்டி ஊற்றுங்கள். நார் தொண்டையில் மாட்டினால் பிள்ளைகள் இரண்டாவது முறை கிட்டவே வர மாட்டார்கள்.

யார் எதைச் சாப்பிடுவார் என்பதற்கு வருவோம். மலாய் அண்டை வீட்டாருக்கு முயிஸ் (இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் சான்றிதழ் உள்ள கடையிலிருந்து வாங்கி, பொட்டலத்தைப் பிரிக்காமல் தனி மேசையில், தனிக் கரண்டியோடு வையுங்கள். "சைவம்தானே, சாப்பிடலாம்" என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. பாத்திரம் பற்றியும் அவர்களுக்குக் கேள்வி இருக்கலாம். சீன முதியவர்களில் பௌத்த சைவம் கடைப்பிடிப்பவர்கள் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். இதுவரை நமக்குத் தெரியும். பெருங்காயமும் அவர்கள் விலக்கும் ஐந்தில் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. ஆகவே பெருங்காயம் இல்லாமல் மூன்று லிட்டர் மோரைத் தனியாக எடுத்துவையுங்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் முன்னும் ஒரு அட்டை: என்ன இருக்கிறது, நிலக்கடலை உண்டா, பால் உண்டா, எத்தனை மணிக்குச் சமைத்தது.


பதில் 4 · மஞ்சாடிமரம்

பிள்ளைகளுக்கு: சொங்காக், அஞ்சாங்கல், சாப்தே (இறகு செருகிய ரப்பர் வட்டைக் காலால் தட்டி ஆடுவது). காற்று ஊதிய கோட்டை, பாப்கார்ன் இயந்திரம் எதுவும் வேண்டாம் (மின்சாரக் கணக்கு மேலே).

இந்த மூன்றையும் சொல்லக் காரணம், எழுபது வயதுக்காரர்கள்தான் இதில் ஆசிரியர்கள். மலாய்ப் பாட்டிக்கு அது சொங்காக், தமிழ்ப் பாட்டிக்குப் பல்லாங்குழி. ஆளுக்கு ஏழு குழி என்பது இரண்டிலும் ஒன்று. வேறுபாடு இருக்கும் இடம்: சொங்காக்கில் இரு முனையிலும் பெரிய வீடு ஒன்று உண்டு, குழிக்கு ஏழு விதை, ஆக 98. பல்லாங்குழியில் பெரும்பாலும் குழிக்கு ஐந்து, ஆக 70. சொங்காக்கில் தன் வீட்டில் ஒரு விதை போட்டுக்கொண்டே போகலாம். எந்த விதியில் ஆடுகிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு பாட்டிகளும் இரண்டு தீர்ப்புச் சொல்வார்கள். அதுவும் ஒரு வேடிக்கைதான், ஆனால் பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள்.

பலகை வாங்க வேண்டாம். அட்டையில் சிறிய சட்னிக் கிண்ணம் 14, இரு முனையிலும் சூப்புக் கிண்ணம் 2, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். நான்கு செட்டுக்கு 392 விதை. மஞ்சாடி விதை பூங்காக்களில் மரத்தடியில் கிடக்கும், ஆனால் பூங்காவிலிருந்து பொறுக்கி வருவது விதிப்படி சரியில்லை. கடையில் கிடைக்கும் கண்ணாடிக் கற்களோ பெரிய பட்டாணியோ போதும். யாராவது வீட்டிலிருந்து சிவப்பு விதை கொண்டுவந்தால் ஒவ்வொன்றாகப் பாருங்கள். முழுச் சிவப்பு என்றால் மஞ்சாடி. ஒரு முனையில் கறுப்புப் புள்ளி இருந்தால் குன்றிமணி, அது நஞ்சு, உடைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதைக் கூட்டத்துக்குள் விடாதீர்கள். மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களை எந்த விதைக்குப் பக்கத்திலும் உட்காரவைக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும்.

அஞ்சாங்கல்லுக்குத் துணிப்பை தைப்பதையே ஒரு வேலையாகக் கொடுக்கலாம். 5 செ.மீ. × 10 செ.மீ. துணியை மடித்து, திறந்திருக்கும் மூன்று பக்கங்களில் இரண்டைத் தைத்து, பச்சைப் பயறு போட்டு, மூன்றாவது பக்கத்தை எதிர்த்திசையில் திருப்பி மூடினால் முக்கோணப் பை. முக்கால் அளவுதான் நிரப்ப வேண்டும். நிறைய அடைத்தால் கையில் படியாமல் துள்ளிக் கீழே விழும். கீழ்த்தளத்துக்கு மேலே வீடுகள் இருப்பதால், கருங்கல்லில் ஆடும் சத்தத்திலிருந்து தப்பிக்கவும் துணிப்பைதான் வழி.

சாப்தேயில் தோற்பது அடிப்பாகத்தில் கனம் போதாததால். இறகு மட்டும் கனமாக இருந்தால் தலைகீழாகப் புரண்டு வரும். ரப்பர் வட்டு இரண்டு அடுக்காவது இருக்கட்டும்.

கோலம் போட ஆசைப்படுவீர்கள். கோலமாவு பளபளப்பான தரையில் வழுக்கும், துடைத்தாலும் போகாத சாயமும் உண்டு. கறுப்பு அட்டையில் போடுங்கள்.


பதில் 5 · நூலகப்பூனை

அந்தத் தாளில் எழுத:

திங்கட்கிழமை என்று பெரிதாக ஒரு எச்சரிக்கை போடுங்கள். பூமலையில் (தாவரவியல் பூங்கா) உள்ள ஜேக்கப் பலாஸ் சிறுவர் தோட்டம், கரையோரப் பூந்தோட்டங்களின் சிறுவர் தோட்டம், கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையம் மூன்றும் திங்கட்கிழமை மூடியிருக்கும். விடுமுறையில் வெளியே போகத் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்துவிட்டு வாசலிலிருந்து திரும்பும் குடும்பங்கள் ஏராளம். பொது விடுமுறை திங்களில் வந்தால் விதி மாறும், கிளம்பும் முன் பார்க்கவும். சிறுவர் தோட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்துணியும் துண்டும் தேவை, தண்ணீர் விளையாட்டு உண்டு. மரபுடைமை நிலையத்தின் நிரந்தரக் காட்சிக்கூடம் சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம்.

நீச்சல் குளம்: ஆக்டிவ்எஸ்ஜி குளங்கள் ஒவ்வொன்றும் பராமரிப்புக்காக வாரத்தில் வெவ்வேறு நாளில் மூடும். உங்கள் குளத்தின் நாளைத் தாளில் எழுதுங்கள்.

நூலகம்: புத்தகம் 21 நாள் கையில் இருக்கலாம். தமிழ்ப் புத்தகம் உங்கள் கிளையில் குறைவாக இருந்தால் என்எல்பி செயலியில் முன்பதிவு செய்து பக்கத்துக் கிளைக்கு வரவழைக்கலாம். விடுமுறையின் முதல் வாரத்திலேயே செய்யுங்கள், வரிசை நீளும். 4 முதல் 8 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தொண்டூழியர்கள் வாசித்துக் காட்டும் கிட்ஸ்ரீட் திட்டமும் உண்டு, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முன்னுரிமை.

சமூக மன்ற வகுப்புகள் மக்கள் கழகத்தின் ஒன்பிஏ செயலியில். பிள்ளைகளுக்கான ஜூன் வகுப்புகள் மே மாதத்திலேயே நிரம்பிவிடும். குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் ரத்தாகும். ஆகவே ஒரே வகுப்பை நம்பி விடுமுறையைத் திட்டமிடாதீர்கள்.

துணைப்பாடம், குடும்ப ஆலோசனை என்றால் பீட்டி சாலையில் உள்ள சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்). வீட்டுச் செலவுக்கே திண்டாட்டம் என்றால் சமூக சேவை அலுவலகம், காம்கேர் உதவித் திட்ட எண் 1800-222-0000. இந்த எண்ணை மற்றவற்றுக்கு நடுவில் சாதாரணமாக அச்சடியுங்கள். தனிக் கட்டம் கட்டி "உதவி தேவைப்படுவோருக்கு" என்று தலைப்புப் போட்டால் அந்தத் தாளை அண்டை வீட்டார் முன் யாரும் எடுக்க மாட்டார்கள்.

60 வயதைத் தாண்டியவர்களுக்குத் துடிப்பாக மூப்படையும் நிலையம் பல வட்டாரங்களில் கீழ்த்தளத்திலேயே இருக்கிறது. பராமரிப்பு பற்றிக் கேட்க 1800-650-6060. எரியாத விளக்கு, உடைந்த சரிவுப் பாதை போன்ற புகார்களுக்கு ஒன்சர்விஸ் செயலி. எந்த அமைப்பின் பொறுப்பு என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, அவர்களே பிரித்து அனுப்புவார்கள்.


செங்காங்வாசி

மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம். ஆர்என் உதவியோடு போனால் எல்லாம் அவர்கள் கைக்குப் போய்விடாதா? மேடை, வரவேற்புரை, மாலை மரியாதை என்று? அப்புறம், அறிவிப்பை நான்கு மொழியில் போடச் சொல்கிறார்கள். தமிழை நாங்களே எழுதுகிறோம், வடிவமைப்பு மட்டும் வேறொருவர்.


தூண்நிழல்

முதல் சந்திப்பிலேயே ஒரே பக்கத்தில் நிகழ்ச்சி நிரலைக் கொண்டுபோங்கள்: 5.00 விளையாட்டு, 6.00 சிற்றுண்டி, 6.30 பெரியவர்கள் எதிர் பிள்ளைகள் அஞ்சாங்கல், 7.15 துப்புரவு. வெறுங்கையோடு போனால்தான் அவர்கள் பழக்கப்பட்ட நிரலை நிரப்புவார்கள். மேடை வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் மின்சாரக் கணக்கைக் காட்டுங்கள்.


காற்றுத்திசை

ஆமாம். அறிவிப்பிலேயே "மழை பெய்தாலும் நடக்கும், இடி இடித்தால் ஆர்என் நிலையத்துக்குள்" என்று எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் 4 மணிக்கு ஒரு தூறல் விழுந்தாலே 60 பேரும் வாட்சாப்பில் "நடக்குமா?" என்று கேட்பார்கள்.


நூலகப்பூனை

தமிழை நீங்கள் எழுதிக் கொடுத்தால் மட்டும் தப்பிக்க முடியாது. வடிவமைப்பாளர் அதை வெட்டி ஒட்டும்போதுதான் உடையும். 'கெ' என்பதில் கொம்பு க-வுக்குப் பின்னால் போய் நிற்கும், 'கொ'வின் இரண்டு பாதிகளும் பிரியும், புள்ளி எழுத்துக்குப் பக்கத்தில் வட்டமாகத் தொங்கும். மென்பொருளுக்கு இந்திய எழுத்துகளைக் கோக்கத் தெரியாததுதான் காரணம், எழுத்துருவின் மேல் பழிபோட வேண்டாம். அடோபி இன்டிசைன் என்றால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அது புரியவில்லை என்றால், நீங்களே வேர்டில் தட்டி, பிடிஎஃப் ஆக்கி, படமாகக் கொடுத்துவிடுங்கள், அவர் ஒட்டினால் போதும்.

அச்சுக்குப் போகும் முன் மூன்று சொற்களை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்: "பெரியவர்கள்", "சொங்காக்", "கொண்டுவாருங்கள்". இந்த மூன்றும் சரியாக இருந்தால் மிச்சமும் சரியாகத்தான் இருக்கும். மின்தூக்கி வாசலில் ஒட்ட நகர மன்றத்தின் முத்திரை வேண்டும். நிகழ்ச்சி முடிந்த மறுநாளே நீங்களே கழற்றிவிடுங்கள்.